ஆர்செனிக் கலந்த நீரை இரும்பு நானோப் பொருளால் சுத்திகரிப்பது எப்படி? கிணற்றுச் சோதனை முதல் கழிவு அகற்றுவது வரை

கங்கைச் சமவெளியின் குழாய்க் கிணறுகளில் கலந்திருக்கும் ஆர்செனிக்குக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, சுவையும் கிடையாது. தெளிந்த, குளிர்ந்த, நல்ல நீர் என்று நம்பித்தான் மக்கள் அதைக் குடிக்கிறார்கள். ஆண்டுகள் சென்றபின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடித்து முடிச்சுகள் தோன்றும். மார்பிலும் முதுகிலும் கருமையும் வெண்மையுமாகப் புள்ளிகள் படரும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரலாம். மேற்கு வங்கத்தில் இந்தத் தோல் நோய்க்கும் கிணற்று நீருக்கும் உள்ள தொடர்பை 1983இல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா கண்டறிந்தார். அசுத்தமான குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்றவென்றே 1970களில் வங்காள டெல்டா முழுவதும் குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. அந்த நல்ல நோக்கத்தின் வழியாகவே இந்த நஞ்சு வீடுகளுக்குள் வந்தது என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

காய்ச்சினால் ஆர்செனிக் போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். துணியில் வடிகட்டினாலும் பயனில்லை, ஏனென்றால் அது நீரில் முழுமையாகக் கரைந்திருக்கிறது. கரைந்ததைப் பிடிக்க, அதனோடு வேதிப் பிணைப்பு கொள்ளும் ஒரு பரப்பு வேண்டும். குறைந்த செலவில் அப்படிப்பட்ட பரப்பைத் தருவது இரும்பு நானோப் பொருள். ஊர்க் குடிநீர்க் குழுவினர், பள்ளி நிர்வாகிகள், தொண்டு நிறுவனத்தினர், வேதியியல் மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன்: இரும்பும் ஆர்செனிக்கும்

இந்த ஒரு பகுதியைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் படிகள் அனைத்தும் தாமே விளங்கிவிடும்.

இமயமலைப் பாறைகள் சிதைந்து ஆறுகளில் வந்து படிந்த வண்டல் மணலின் மேல் இரும்புத் துருவைப் போன்ற மெல்லிய பூச்சு இருக்கிறது. ஆர்செனிக் முதலில் அந்தப் பூச்சில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. நிலத்தடியில் மட்கிய தாவரப் பொருள்களை உண்டு வாழும் நுண்ணுயிரிகள் ஆக்சிஜனை முழுவதும் தீர்த்துவிட்டு, அடுத்து அந்த இரும்பையே மூச்சுக்குப் பயன்படுத்துகின்றன. இரும்பு கரைகிறது. அதைப் பற்றியிருந்த ஆர்செனிக்கும் நீரில் இறங்குகிறது. குழாய்க் கிணற்று நீரை வாளியில் பிடித்து வைத்தால் சிறிது நேரத்தில் செந்நிறப் படிவு தோன்றுவதும் இதனால்தான். காற்று பட்டதும் இரும்பு மறுபடியும் துருவாகிறது.

நாம் செய்யப்போவது நிலத்தடியில் நடந்ததன் தலைகீழ்ச் செயல். ஆக்சிஜன் உள்ள இடத்தில் இரும்பை வைத்து, ஆர்செனிக்கை மீண்டும் அதன்மேல் ஒட்டவைக்கிறோம். ஆக்சிஜன் இருக்கும்வரை இந்தப் பிடி உறுதியானது. ஆக்சிஜன் போனால் பிடி விடும். கடைசிப் படிக்கு வரும்போது இந்த வரியை நினைவில் வையுங்கள்.

நானோ அளவு எதற்கு? மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். பொருளின் எடை கூடவில்லை, ஆர்செனிக் ஒட்டுவதற்கான இடம் பத்து லட்சம் மடங்கு கூடியிருக்கிறது. இதற்கு மேல் எந்த மாயமும் நானோவில் இல்லை.

படி 1: நீரைச் சோதியுங்கள்

சோதிக்காமல் வடிகட்டி வாங்குவது, நோயைக் கேட்காமல் மருந்து கொடுப்பதற்குச் சமம். அடுத்தடுத்த வீட்டுக் கிணறுகளில்கூட ஆர்செனிக் அளவு பெரிதும் மாறுபடும். பக்கத்து வீட்டு அறிக்கையை நம்பி உங்கள் கிணற்றை முடிவுசெய்யாதீர்கள்.

உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவும், இந்தியாவின் ஐஎஸ் 10500 குடிநீர்த் தரநிலையின் ஏற்கத்தக்க வரம்பும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வங்கதேசத்தின் தரநிலை 50 மைக்ரோகிராம்.

களத்தில் பயன்படும் சோதனைப் பெட்டிகள் பெரும்பாலும் ஒரு பழைய முறையைப் பின்பற்றுகின்றன. துத்தநாகமும் அமிலமும் சேர்ந்து நீரிலுள்ள ஆர்செனிக்கை ஆர்சின் என்னும் வாயுவாக மாற்றும். அது பாதரச புரோமைடு தோய்த்த தாளில் பட்டு, மஞ்சளிலிருந்து பழுப்பு வரை நிறம் காட்டும். ஆர்சின் கொடிய நச்சு வாயு. காற்றோட்டமான வெளியிடத்தில்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். 10 மைக்ரோகிராமுக்கு அருகில் நிற வேறுபாட்டைக் கண்ணால் பிரிப்பது கடினம் என்பதால், இந்தத் தாளை முதல்கட்டத் தேர்வுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இறுதி முடிவை ஆய்வகத்திடம் விடுங்கள்.

ஆய்வகத்துக்கு மாதிரி எடுக்கும்போது, பம்பைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய நீர் போனபின் சுத்தமான பிளாஸ்டிக் போத்தலில் பிடியுங்கள். ஆய்வகம் தரும் நைட்ரிக் அமிலத்தைச் சில துளிகள் சேர்க்காவிட்டால், வழியிலேயே இரும்பு படிந்து, ஆர்செனிக்கையும் தன்னோடு கீழே இழுத்துவிடும். அறிக்கை உண்மையைவிடக் குறைவாக வரும். ஆபத்தான கிணற்றுக்கு நற்சான்று கிடைப்பது இப்படித்தான்.

ஆர்செனிக் மட்டும் போதாது. இரும்பு, பாஸ்பேட், சிலிக்கா, பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். பாஸ்பேட்டின் வேதி அமைப்பு, நீரில் ஆர்செனிக் எடுக்கும் வடிவங்களில் ஒன்றான ஆர்செனேட்டைப் போன்றதே. அது அதே இடங்களுக்குப் போட்டியிட்டு வடிகட்டியின் ஆயுளைக் குறைக்கும். வங்காளத்து நிலத்தடி நீரில் பாஸ்பேட்டும் சிலிக்காவும் சேர்ந்தே இருப்பதால், ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரில் எடுத்த திறன் அளவுகள் அங்கே செல்லுபடியாகாது.

படி 2: வேறு நல்ல நீர் இருக்கிறதா என்று பாருங்கள்

நானோப் பொருள்மீது எனக்கு மிகுந்த நம்பிக்கை உண்டு. ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும்: அருகிலேயே ஆர்செனிக் இல்லாத கிணறு இருந்தால் வடிகட்டியே தேவையில்லை. வங்கதேசத்தில் சோதித்த பம்புகளுக்குச் சிவப்பு, பச்சை வண்ணம் பூசியதாலேயே பல குடும்பங்கள் பச்சைக் கிணற்றுக்கு மாறின. டெல்டாவில் 150 மீட்டருக்குக் கீழுள்ள நீர்ப்படுகைகளில் ஆர்செனிக் பெரும்பாலும் குறைவு. மழைநீர்ச் சேமிப்பும் நல்ல வழிதான். இவை எதற்கும் வாய்ப்பில்லாத இடத்தில்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

படி 3: பொருளைத் தேர்ந்தெடுங்கள்

வெறும் நானோத்துகளைத் தூளாகக் குடத்தில் போட முடியாது. நீர் அதன் வழியே ஓடாது, துகளும் நீரோடு வயிற்றுக்குள் போய்விடும். நானோவின் பரப்பும் வேண்டும், மணலைப் போல நீர் ஓடும் பருமனும் வேண்டும். இந்த இரண்டையும் சேர்ப்பதுதான் உண்மையான பொறியியல். இதற்கு நன்கு நிறுவப்பட்ட இரண்டு வழிகள் உள்ளன.

ஒன்று, சென்னை ஐஐடியில் பேராசிரியர் தலப்பில் பிரதீப் குழு உருவாக்கிய வழி. இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்னும் உயிர்ப்பொருளின் வலைக்குள்ளேயே நானோ அளவிலான இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடை வளர்க்கிறார்கள். உலர்ந்தபின் அது மணல்போன்ற குருணையாகிவிடும். அதிக வெப்பம் தேவையில்லை, தயாரிப்பு நீரிலேயே நடக்கிறது. இதன் முக்கியத்துவம் எங்கே இருக்கிறது? ஃபெரிஹைட்ரைட் என்னும் இந்த இரும்பு வடிவம் சில நானோமீட்டரே உள்ள, நிலைப்பற்ற பொருள். விட்டுவிட்டால் காலப்போக்கில் பெரிய படிகங்களாக மாறிப் பரப்பை இழந்துவிடும். கைட்டோசான் வலை அதை வளரவிடாமல் அடைத்துவைக்கிறது. அம்ரித் என்ற பெயரில் இந்தத் தொழில்நுட்பம் ஆர்செனிக் பாதித்த மாநிலங்களில் ஊர்ப்பொது அமைப்புகளாக நிறுவப்பட்டது. பிரதீப்புக்கு 2020இல் பத்மஸ்ரீ விருதும், 2022இல் நீருக்கான இளவரசர் சுல்தான் பின் அப்துல்அசீஸ் சர்வதேசப் பரிசும் கிடைத்தன.

இன்னொன்று, அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகப் பேராசிரியர் அருப் சென்குப்தாவின் வழி. அயனிப் பரிமாற்ற ரெசின் மணிகளுக்குள் நீரேறிய இரும்பு ஆக்சைடு நானோத்துகள்கள் பதிக்கப்படுகின்றன. மணியின் மின்னேற்றமே எதிர்மின் ஆர்செனேட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். தீர்ந்துபோனால் காஸ்டிக் சோடாக் கரைசலால் கழுவி மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். ஊர்ப்பொது அமைப்புக்கு இது பெரிய வசதி. மேற்கு வங்கக் கிராமங்களில் கிணற்றுத் தலையிலேயே பொருத்திய சமூக வடிகட்டிகளுக்காக இவருடைய குழு 2007இல், ஆர்செனிக் நீக்கும் முறைகளுக்கான கிரெய்ஞ்சர் வெள்ளிப் பரிசைப் பெற்றது. அதே ஆண்டு தங்கப் பரிசு, இரும்புத் துருவலை அடிப்படையாகக் கொண்ட சோனோ வீட்டு வடிகட்டியை வடிவமைத்த அபுல் ஹுஸ்ஸாமுக்குக் கிடைத்தது.

என் கருத்து இது: பராமரிக்க ஒரு பொறுப்பாளரும் கழுவ ஒரு மையமும் இருந்தால் ரெசின் மணி, அவை இல்லாத சிறு ஊருக்கும் வீட்டுக்கும் குருணை.

விற்பவரிடம் நான்கு விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். எந்த மாசுக்கு இந்தப் பொருள்? என் கிணற்று நீரைப் போன்ற நீரில் எத்தனை லிட்டர் தாங்கும்? வெளிவரும் நீரில் உலோகமோ துகளோ கலக்கவில்லை என்பதற்கு ஆய்வக அறிக்கை எங்கே? தீர்ந்தபின் யார் எடுத்துச் செல்வார்கள்? "நானோ" என்ற சொல்லையே விடையாகச் சொல்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு ஆய்வகப் பயிற்சி

வேதியியல் மாணவர்கள் ஃபெரிஹைட்ரைட்டைத் தாங்களே செய்து பார்க்கலாம். இது கற்பதற்கு மட்டுமே, இந்த நீரைக் குடிக்கக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் அணிந்து, 40 கிராம் நீரேறிய ஃபெரிக் நைட்ரேட்டை 500 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, வேகமாகக் கலக்கியபடியே ஒரு மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஏறத்தாழ 330 மி.லி. சேருங்கள். கடைசி 20 மி.லி.யைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 7க்கும் 8க்கும் இடையில் நிறுத்த வேண்டும். கிடைக்கும் செம்பழுப்புக் கூழை உப்பு நீங்கும்வரை கழுவி, அறை வெப்பத்திலேயே உலரவிடுங்கள். உலைக்குள் வைத்தால் ஹேமடைட்டாக மாறத் தொடங்கும்.

சோதிக்க ஆர்செனிக் வேண்டாம். வேதி நடத்தையில் அதன் உடன்பிறப்பான பாஸ்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 1 மி.கி. பாஸ்பேட் உள்ள நீரில் 0.1 கிராம் பொருளைப் போட்டு இரண்டு மணி நேரம் குலுக்கி, 0.45 மைக்ரான் தாளில் வடித்து, மாலிப்டினம் நீல முறையில் எஞ்சியதை அளக்கலாம். பிஎச் 6, 8, 10 என மாற்றிச் செய்தால், காரத்தன்மை கூடக் கூடப் பிடிப்பு குறைவதைப் பார்ப்பீர்கள். இரும்பு ஆக்சைடின் பரப்பு பிஎச் 8 அளவுக்கு மேல் எதிர்மின்னேற்றம் பெற்று, எதிர்மின் அயனிகளைத் தள்ளத் தொடங்குவதே காரணம்.

படி 4: ஆர்செனைட்டை ஆர்செனேட்டாக மாற்றுங்கள்

ஆக்சிஜனற்ற நிலத்தடியிலிருந்து வருவதால் டெல்டா நீரில், ஆர்செனேட்டைவிட ஆக்சிஜன் குறைந்த ஆர்செனைட் என்னும் வடிவமே பெரும்பாலும் மிகுதி. சாதாரண பிஎச் அளவில் அதற்கு மின்னேற்றம் இல்லை. இரும்பு பதிக்காத வெறும் ரெசினும் ஆர்.ஓ. எனப்படும் சவ்வூடு வடிகட்டிகளும் அதை நழுவவிட்டுவிடும். இரும்புப் பரப்பு அதையும் பிடிக்கும் என்றாலும், ஆர்செனேட்டாக மாற்றிவிட்டால் வேலை உறுதியாகிறது.

காற்று மட்டும் பட்டால் இந்த மாற்றம் மிக மெதுவாகவே நடக்கும். குளோரின் அதை விரைவில் முடித்துவிடும். அளவை இப்படிக் கணக்கிடுங்கள்: 1 மி.கி. ஆர்செனைட்டுக்கு ஏறத்தாழ 0.95 மி.கி. குளோரின், கரைந்த இரும்பு 1 மி.கி.க்கு 0.64 மி.கி. குளோரின். லிட்டருக்கு 0.1 மி.கி. ஆர்செனிக்கும் 5 மி.கி. இரும்பும் உள்ள நீரில், ஆர்செனிக்குக்குத் தேவை 0.1 மி.கி.க்கும் குறைவு, இரும்புக்கோ 3.2 மி.கி. அதனால் இரும்பு மிகுந்த நீரை முதலில் காற்றில் தெளித்து, மணல் தொட்டியில் படியவைத்து, பின்னர் குளோரின் சேர்ப்பதே சிக்கனம். அந்தச் செந்நிறப் படிவு ஆர்செனிக்கின் ஒரு பகுதியையும் இலவசமாக நீக்கிவிடும்.

கைட்டோசான் குருணை பயன்படுத்தினால் எச்சரிக்கை தேவை. மிகுதியான குளோரின் அந்த வலையையே சிதைக்கும். அங்கே குளோரினுக்குப் பதிலாக மாங்கனீசு டை ஆக்சைடு பூசிய மணல் அடுக்கை முன்னால் வைக்கலாம்.

படி 5: எவ்வளவு பொருள், எவ்வளவு வேகம்?

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 15 லிட்டர் என்று கொள்வோம். சமையலை விட்டுவிடாதீர்கள், சோற்றின் வழியாகவும் ஆர்செனிக் உடலுக்குள் போகும். நீரில் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் இருந்தால் நாளுக்கு 1.5 மி.கி. ஆர்செனிக்கைப் பிடிக்க வேண்டும். உண்மைக் கிணற்று நீரில் ஒரு கிராம் பொருள் 2 மி.கி. தாங்கும் என்று சோதனை காட்டினால், அரைக் கிலோ 1,000 மி.கி. பிடிக்கும். ஏறத்தாழ 667 நாள். அதில் பாதியை மட்டும் நம்பி, 11 மாதத்தில் மாற்றுங்கள். கிராமுக்கு 2 மி.கி. என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். உங்கள் நீரில் எடுத்த எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். நீர் பொருளோடு ஐந்து நிமிடமாவது தொடர்பில் இருக்கட்டும். மி.லி.க்கு 0.8 கிராம் அடர்த்தியுள்ள அரைக் கிலோ குருணை 625 மி.லி. இடத்தை அடைக்கும். எனவே வெளியேறும் வேகம் நிமிடத்துக்கு 125 மி.லி.க்கு மேல் போகக் கூடாது. ஒரு மணி நேரத்தில் ஏழரை லிட்டர், 15 லிட்டருக்கு இரண்டு மணி நேரம். பொறுமையில்லாமல் குழாயை முழுதாகத் திறந்தால் எவ்வளவு விலையுயர்ந்த பொருளும் தோற்கும்.

படி 6: அமைத்து இயக்குங்கள்

மேலே மணல், நடுவில் நானோக் குருணை, கீழே மீண்டும் நுண்மணலும் நுண்வடிகட்டியும் என்ற வரிசை போதும். உடைந்த துகள் வெளியேறாமல் தடுப்பது கடைசி அடுக்கின் வேலை. குருணை கலம் குறுகலாகவும் உயரமாகவும் இருந்தால் நீர் ஒரே இடத்தில் வழிகண்டு ஓடிவிடாது. முதல் சில வாளி நீரைக் கீழே விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் நீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். அறிக்கை வரும்வரை யாரும் குடிக்க வேண்டாம்.

ஆர்செனிக் வடிகட்டி கிருமிகளைக் கொல்லாது. ஈரமான குருணையில் அவை பெருகவும் கூடும். கடைசியில் குளோரினோ நானோ வெள்ளியோ தேவைப்படும். 2013இல் பிரதீப் குழு வெளியிட்ட ஆய்வில், அலுமினியம் ஆக்சிஹைட்ராக்சைடும் கைட்டோசானும் சேர்ந்த குருணையில் பதித்த வெள்ளித் துகள்கள் லிட்டருக்கு ஏறத்தாழ 40 மைக்ரோகிராம் வெள்ளி அயனியைச் சீராக வெளியிட்டுக் கிருமிகளைக் கொன்றன. குடிநீரில் வெள்ளிக்கான வரம்பு 100 மைக்ரோகிராம். துகள் குருணையிலேயே தங்க, அயனி மட்டும் அளவோடு வெளிவருவதுதான் அந்த வடிவமைப்பின் நுட்பம்.

படி 7: கண்காணியுங்கள்

வடிகட்டி தீரும்போது நீரின் தோற்றமோ சுவையோ மாறாது. ஆகவே கணக்கும் சோதனையும்தான் கண். தொடக்கத்தில் ஒரு முறை, பின்னர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளிவரும் நீரைச் சோதியுங்கள். 5 மைக்ரோகிராமை எட்டியதும் மாற்றுப் பொருளுக்குச் சொல்லிவிடுங்கள், 10 வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஓடிய லிட்டர், சோதனை நாள், முடிவு ஆகியவற்றை வடிகட்டியின் அருகிலேயே ஒரு பலகையில் எழுதி வையுங்கள். அந்தப் பலகையைத் தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் படிக்க முடிய வேண்டும், கேள்வி கேட்கவும் முடிய வேண்டும்.

ஃப்ளோரைடு பிரச்சினை உள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்ட வாசகர்கள் இரும்புக் குருணையை நம்ப வேண்டாம். ஃப்ளோரைடை நன்கு பிடிப்பது அலுமினியம் சார்ந்த பொருள்கள். அங்கே ஃப்ளோரைடோடு, கரைந்து வரும் அலுமினியத்தையும் அளக்க வேண்டும்.

படி 8: தீர்ந்த பொருளை என்ன செய்வது?

வழிகாட்டிகள் ஒரே வரியில் கடந்துவிடும் இடம் இது. நூறு குடும்பங்கள் மேலே சொன்ன கணக்கின்படி வடிகட்டினால், ஒவ்வொரு மாற்றத்திலும் 50 கிலோ குருணையும் அதில் 50 கிராம் ஆர்செனிக்கும் சேரும். அதைக் குளத்தில் கொட்டினால், எருக்குழியில் போட்டால், குப்பை மேட்டில் புதைத்தால் என்ன ஆகும்? அழுகும் பொருள் ஆக்சிஜனைத் தீர்க்கும், நுண்ணுயிரி இரும்பைக் கரைக்கும், ஆர்செனிக் விடுபடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வண்டலுக்கு அடியில் நடந்தது உங்கள் ஊர்க் குப்பைமேட்டில் நடந்துவிடும். கழிவின் நச்சுக் கசிவை அளக்கும் வழக்கமான ஆய்வகச் சோதனை ஒரு நாளுக்கும் குறைவாகவே நடப்பதால், முதிர்ந்த குப்பைமேட்டில் ஏற்படும் கசிவைக் குறைத்தே காட்டுகிறது. "சோதனையில் தேறிவிட்டது" என்ற சான்றிதழை மட்டும் நம்பி எங்கும் கொட்டிவிட முடியாது.

சென்குப்தாவின் குழு மேற்கு வங்கத்தில் செய்தது பின்பற்றத் தக்கது. கழுவிய கரைசலிலிருந்து ஆர்செனிக்கை இரும்போடு சேர்த்துத் திடப்பொருளாகப் படியவைத்து, காற்று புகும் பருமணல் படுகையில் வைத்தார்கள். ஆக்சிஜன் இருப்பதால் பிடி விடாது. அந்த வசதி இல்லாத ஊர், தீர்ந்த குருணையை மூடிய பிளாஸ்டிக் டிரம்மில், எடையும் நாளும் எழுதிய சீட்டோடு, மழையும் சாணமும் குப்பையும் சேராத உலர்ந்த கூரையின்கீழ் வைத்து, 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற கழிவு மையத்துக்கு அனுப்ப வேண்டும். செலவு ஆகும். அந்தச் செலவையும் வடிகட்டியின் விலையோடு முதல் நாளே சேர்த்துப் பாருங்கள். வாங்கும் ஒப்பந்தத்தில், தீர்ந்த பொருளை நிறுவனமே திரும்ப எடுத்துச் செல்லும் என்ற ஒரு வரியை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு மறுக்கும் நிறுவனத்திடம் வாங்காதீர்கள்.